பெரியப்பாவின் 12 பக்கமும் உலாவிச் சண்டையும்

போன மாசம் பரணைக் காலி செய்தபோது ஒரு சிடி கிடைத்தது. உறைமேல் ஸ்கெட்ச் பேனாவில் ‘மூலனூர் 2002’ என்று பெரியப்பாவின் கையெழுத்து. வாத்தியார் வேலையில் ஓய்வு பெற்ற பிறகு வாரம் ஒரு தடவை தாராபுரம் போவார். அங்கே ஒரு பிரவுசிங் சென்டரில் மணிக்கு 30 ரூபாய் கொடுத்து உட்கார்ந்து, ஊரைப் பற்றி 12 பக்கம் எழுதி வலையில் ஏற்றினார். பருத்தி ஏலம், வற்றிப்போன கிணறுகள், முருங்கைக் காடு, எந்த வலசில் யார் எப்போது வந்து குடியேறினார்கள் என்று எல்லாம் அதில் உண்டு. இலவசமாக இடம் கொடுத்த அந்தத் தளம் எப்போதோ மூடிவிட்டது. பெரியப்பாவும் இப்போது இல்லை.

அக்கா பையனோட பழைய லேப்டாப்பில் சிடியைப் போட்டுத் திறந்தேன். கோப்பு ஒன்றும் கெடவில்லை, பேரு, தேதி எல்லாம் சரியாகத்தான் இருந்தது. திரையில் வந்ததுதான் தமிழ் இல்லை. ஆங்கில எழுத்துக்குத் தொப்பி, வால், இரட்டைப் புள்ளி எல்லாம் வைத்த மாதிரி பக்கம் முழுக்கப் பூச்சி பூச்சியாக ஓடியது. 2005க்கு முன்னாடி இணையத்தில் தமிழ் படித்தவர்களுக்கு இது பழகிய காட்சி. அதற்குப் பிறகு வந்தவர்களுக்குக் கொஞ்சம் விளக்கணும்.

கணினிக்கு எழுத்து தெரியாது, எண்தான் தெரியும். 65 என்றால் ஆங்கிலத்தின் முதல் பெரிய எழுத்து என்று எல்லாரும் ஒத்துக்கொண்டிருப்பதால் ஆங்கிலம் எங்கே போனாலும் ஆங்கிலமாகத் தெரிகிறது. தமிழுக்கு அப்போது அப்படி ஓர் ஒப்பந்தம் நடைமுறையில் இல்லை. இருந்த 256 அறைகளில் முதல் 128 ஆங்கிலத்துக்குப் போக, மிச்சத்தில் ஆளுக்கொரு விதமாகத் தமிழை அடுக்கினார்கள். மலேசியாவில் முத்து நெடுமாறனின் முரசு அஞ்சல், சுவிட்சர்லாந்தில் இருந்து கல்யாணசுந்தரம் செய்த மயிலை, பத்திரிகைகள் தனித்தனியாகச் செய்து வாங்கிய எழுத்துருக்கள் என்று ஒன்றுக்கொன்று ஒட்டாது. ஒன்றில் ‘க’ இருக்கும் அறையில் இன்னொன்றில் ‘ஷ’ இருக்கும்.

எங்க பக்கத்து ஆளுகளுக்கு இதை நூல் கணக்கில் சொன்னால் சட்டென்று புரியும். மூலனூர் ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் ஏலம் போகிற பருத்தி ஏதோ ஒரு மில்லில் நூலாகித் திருப்பூருக்கு வருகிறது. பனியன் கம்பெனிக்காரர் ‘30ஸ்’ என்று கேட்டால் எந்த மில்லும் அதே பருமன் உள்ள நூலைத்தான் தரணும். ஒரு பவுண்டு எடையில் 840 கெஜச் சிட்டம் 30 இருக்க வேண்டும், அதுதான் கணக்கு. மில் மாறினால் நிட்டிங் மெஷினை மாற்ற வேண்டியதில்லை. அந்த 840ஐ யாரும் சொந்தம் கொண்டாடியதும் இல்லை, அதுக்கு வாடகை கேட்டதும் இல்லை. திறந்த தரம் என்று கணினிக்காரர்கள் சொல்வது இதைத்தான். மில்லுக்கு ஒரு கெஜக்கோல் இருந்தால் திருப்பூர் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்க. 90களின் தமிழ் இணையம் அப்படித்தான் இருந்தது.

ஒப்பந்தத்துக்கு முயற்சி நடக்காமல் இல்லை. மின்னஞ்சல் குழுவில் பேசிப் பேசியே திஸ்கி என்ற குறியேற்றத்தை உருவாக்கினார்கள். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்இணையம்99 மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு டாம், டாப் என்ற இரண்டை ஏற்றது. ஆக, ஒன்றுக்கு மூன்று ஒப்பந்தம்!

இந்தக் குழப்பத்துக்கு நடுவில்தான் உலாவிகளின் சண்டை வந்து சேர்ந்தது. வாசகர் எழுத்துருவைத் தனியாக டவுன்லோட் செய்து போட்டுக்கொள்ளணும் என்பது பெரிய தொல்லை. பிரவுசிங் சென்டரில் அதற்கு விடவும் மாட்டார்கள். எழுத்துருவும் பக்கத்தோடு சேர்ந்தே வந்து இறங்கினால் என்ன? 1997இல் இதற்கு வழி வந்தது, ஒன்றுக்கு இரண்டாக. நெட்ஸ்கேப் 4 பிட்ஸ்ட்ரீம் நிறுவனத்தின் ட்ரூடாக் முறையைப் பிடித்துக்கொண்டது. மைக்ரோசாப்டின் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 4, இஓடி என்ற தன்னுடைய கோப்பு வடிவத்தைக் கொண்டுவந்தது. ஒன்றில் செய்தது மற்றதில் நேரடியாக வேலை செய்யாது. எல்லாருக்கும் தெரியணும் என்று நினைத்த தமிழ்த் தளங்கள் இரண்டையும் செய்து வைத்தன.

ஆங்கிலத் தளம் நடத்தியவர்களுக்கு இந்தச் சண்டையில் அழகுதான் கெட்டது. படம் நாலு புள்ளி தள்ளி நிற்கும், மெனு கோணலாக விழும், அவ்வளவுதான். தமிழ்த் தளத்தில் எழுத்தே போய்விடும்.

சண்டையில் யார் ஜெயித்தார்கள் என்பது ஊருக்கே தெரிந்த கதை. விண்டோஸ் வாங்கினால் எக்ஸ்ப்ளோரர் கூடவே வந்தது. 1998 மே மாதம் அமெரிக்க அரசு மைக்ரோசாப்ட் மேல் வழக்குப் போட்டும் நெட்ஸ்கேப் பிழைக்கவில்லை. 2002, 2003 வாக்கில் பத்தில் ஒன்பது பேருக்கும் மேல் எக்ஸ்ப்ளோரர்தான் வைத்திருந்தார்கள். தமிழ்த் தளங்களும் இரட்டை வேலையை விட்டுவிட்டு இஓடி மட்டும் போதும் என்று முடிவு செய்தன. ‘இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரில், 800க்கு 600 அளவில் பார்க்கவும்’ என்று முகப்பிலேயே எழுதி வைப்பார்கள். அவர்களைக் குறை சொல்ல மனசு வரவில்லை, ஆளும் காசும் இல்லாமல் நடந்த தளங்கள் அவை. ஆனால் போட்டி ஒழிந்ததும் மைக்ரோசாப்டுக்கு அவசரமும் ஒழிந்தது. 2001இல் ஆறாம் பதிப்பு வந்த பிறகு ஏழாம் பதிப்புக்கு 2006 வரை காத்திருந்தோம்.

பெரியப்பாவின் பக்கங்கள் இந்தக் காலத்துப் பிள்ளைகள். சிடியில் 12 பக்கத்தோடு ஒரு சின்ன இஓடி கோப்பும் இருந்தது. சென்டர்ப் பையன் செய்து கொடுத்திருப்பான். அப்புறம் ஏன் திறக்கவில்லை? இஓடி கோப்பைச் செய்யும்போதே எந்த வலைமுகவரியில் அது வேலை செய்யலாம் என்று உள்ளே எழுதிப் பூட்டிவிடலாம். எழுத்துரு திருட்டைத் தடுக்கச் செய்த ஏற்பாடு. இந்தக் கோப்பு பூட்டப்பட்டிருந்தது மூடிப்போன அந்தத் தளத்தின் முகவரிக்கு. அதனால் பழைய எக்ஸ்ப்ளோரரையே தேடிப் பிடித்துப் போட்டாலும் சிடியில் இருந்து திறக்காது. இன்றைய உலாவிகள் இஓடியைக் கண்டுகொள்வதே இல்லை.

யூனிகோடு வந்ததும் எல்லாம் சரியாகிவிட்டது என்றுதான் பொதுவாகச் சொல்கிறோம். பாதிதான் நிஜம். யூனிகோடின் முதல் பதிப்பிலேயே, 1991இல், தமிழ் இருக்கிறது. ஆனால் எண்ணை ஒத்துக்கொண்டால் மட்டும் போதாது, அதை எழுத்தாக அடுக்கிக் காட்ட வேண்டும். பழைய எழுத்துருக்களில் ‘கொ’ என்பது நாம் கையால் எழுதுகிற வரிசையிலேயே இருந்தது: முதலில் கொம்பு, பிறகு க, பிறகு கால். யூனிகோடில் முதலில் க, அதன்பின் ஒகரக் குறி. கொம்பை முன்னால் கொண்டுபோய் வைக்கிற வேலை திரையில் காட்டும் நிரலுடையது. அதைச் சரியாகச் செய்யாத உலாவியில் கொம்பு ஒரு பக்கமும் கால் ஒரு பக்கமுமாகக் கிடக்கும்.

2004 நவம்பரில் ஃபயர்பாக்ஸ் 1.0 வந்தது. அப்போதைய பதிவர்கள் அதை நெருப்புநரி என்றுதான் எழுதுவோம். எக்ஸ்ப்ளோரருக்கு மாற்று வந்த சந்தோஷத்தில் ஓடிப்போய் நிறுவினால், தமிழ் உடைந்து தெரிந்தது. விண்டோஸ் எக்ஸ்பியின் மொழி அமைப்புக்குள் போய்ச் சிக்கலான எழுத்துமுறைக்கான பெட்டியில் டிக் போட்டு, எக்ஸ்பி சிடியைச் செருகி, மறுபடி தொடங்கணும். எக்ஸ்ப்ளோரரில் இந்தச் சடங்கு இல்லாமலே ஒருவாறு தெரிந்தது. இத்தனையும் செய்த பிறகும், பத்தியை இரு ஓரமும் சமமாக வருமாறு யாராவது அமைத்திருந்தால் எழுத்து சிதறும். ‘தயவுசெய்து ஜஸ்டிஃபை செய்யாதீர்கள், நெருப்புநரியில் படிக்க முடியலை’ என்று அப்போது ஒருவருக்கொருவர் பின்னூட்டம் போடுவது வழக்கம். 2008 ஜூனில் மூன்றாம் பதிப்பு வந்துதான் தீர்ந்தது.

கைபேசியில் இன்னும் வேடிக்கை. தமிழே தெரியாத நோக்கியாவில் ஓபரா மினியைப் போட்டு, முகவரிப் பெட்டியில் ‘ஓபரா:கான்ஃபிக்’ என்று அடித்தால் ஓர் அமைப்புப் பட்டியல் வரும். சிக்கலான எழுத்துகளுக்குப் பிட்மேப் எழுத்துரு என்ற இடத்தில் ‘யெஸ்’ கொடுத்தால், ஓபராவின் சர்வரிலேயே தமிழை வரைந்து படமாக அனுப்பிவிடும். பஸ்ஸில் தாராபுரம் போய்ச் சேருவதற்குள் நாலு பதிவு படித்துவிடலாம்.

1997இல் சண்டையாகத் தொடங்கியது பொதுவான தரமாக முடிய 15 வருஷம் ஆனது. 2008இல் சஃபாரியும் 2009இல் ஃபயர்பாக்ஸும் சாதாரண எழுத்துருக் கோப்பையே பக்கத்தோடு இறக்கிக் காட்ட ஆரம்பித்தன. அதற்கென்று வந்த வோஃப் வடிவத்தை, வலைத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி 2012 டிசம்பரில் முறைப்படி ஏற்றது. தமிழக அரசும் 2010 ஜூனில், கோவைச் செம்மொழி மாநாட்டுச் சமயத்தில், யூனிகோடை ஏற்று ஆணை போட்டது. யூனிகோடு வேலை செய்யாத இடங்களுக்கு டேஸ்16 என்ற இன்னொன்றையும் சேர்த்தே ஏற்றது. நமக்கு ஒன்று போதாதே!

இப்போது என்ன நிலைமை? உலக அளவில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு குரோம், இந்தியாவில் அதைவிடக் கூடுதல். ஓபரா 2013இல் தன் சொந்த எஞ்சினைக் கைவிட்டது, மைக்ரோசாப்டே 2020இல் எட்ஜை குரோமியத்துக்கு மாற்றியது. சோகோ 2023இல் ‘உலா’ என்று அழகான தமிழ்ப் பெயரில் ஓர் உலாவி வெளியிட்டு, மத்திய அரசின் இந்திய உலாவிப் போட்டியில் 2025 மார்ச்சில் 1 கோடி ரூபாய் முதல் பரிசும் வாங்கியது. அதன் உள்ளேயும் ஓடுவது குரோமியம்தான். மிச்சம் இருப்பவை ஆப்பிளின் வெப்கிட், மொசில்லாவின் கெக்கோ. மொசில்லாவின் வருமானத்தில் பெரும்பகுதி தேடுபொறி ஒப்பந்தத்துக்காக கூகுள் தருகிற பணம். கூகுள் குரோமை விற்க வேண்டும் என்று அமெரிக்க அரசு கேட்டதை நீதிபதி அமித் மேத்தா 2025 செப்டம்பரில் மறுத்தார், அந்த மாதிரிப் பணம் கொடுப்பதையும் அடியோடு தடை செய்யவில்லை. பங்காளி போடும் சோற்றில் வழக்கு நடத்துகிற நிலைமை மொசில்லாவுக்கு.

‘குரோமியம் திறந்த மூலம்தானே, யார் வேண்டுமானாலும் எடுத்து மாற்றிக்கொள்ளலாமே, அப்புறம் என்ன பயம்?’ என்று அக்கா பையன் கேட்டான். நியாயமான கேள்விதான், அவன் அந்தத் துறையிலேயே வேலை பார்க்கிறான். திறந்த மூலமும் திறந்த தரமும் ஒன்றில்லை என்பதற்கு ஓர் உதாரணம் இருக்கிறது. உலாவிக்குள்ளேயே தரவுத்தளம் வைக்க வெப் எஸ்க்யூஎல் என்று ஒன்றைத் தரமாக்க முயன்றார்கள். செய்து காட்டிய உலாவிகள் எல்லாமே எஸ்க்யூலைட் என்ற ஒரே நிரலைத்தான் உள்ளே வைத்திருந்தன. எஸ்க்யூலைட் யாருக்கும் சொந்தமில்லாத, முழுக்கத் திறந்த நிரல். இருந்தும் 2010 நவம்பரில் டபிள்யூ3சி அந்த வேலையை நிறுத்திவிட்டது. தனித்தனியாக இரண்டு பேர் தரத்தைப் படித்து எழுதிப் பார்த்தால்தான் எழுதி வைத்தது போதுமா என்று தெரியும். ஒரே நிரலை எல்லாரும் வைத்துக்கொண்டால் அந்த நிரல் என்ன செய்கிறதோ அதுவே தரம் ஆகிவிடும், அதில் உள்ள பிழை உட்பட.

எல்லாரும் ஒன்றையே பயன்படுத்துவது எப்போதும் தப்பு என்றும் சொல்ல மாட்டேன். இன்று கொம்பையும் காலையும் சரியாக அடுக்கித் தருவது குரோமிலும் ஃபயர்பாக்ஸிலும் ஹார்ஃப்பஸ் என்கிற ஒரே நிரல்தான். அதில் எனக்குக் கவலை இல்லை. ‘கொ’வுக்கு எண் என்ன, எந்த வரிசை என்பது அதற்கு வெளியே, யூனிகோடில் எழுதி இருக்கிறது. நாளைக்கு ஹார்ஃப்பஸ் நின்றுபோனாலும் அதைப் படித்து இன்னொருத்தர் எழுதிவிடலாம்.

பெரியப்பாவின் பக்கங்கள் கடைசியில் திறந்ததும் இந்த வழியில்தான். 2008இல் மைக்ரோசாப்ட் இஓடியின் அமைப்பை டபிள்யூ3சியிடம் ஒப்படைத்தது. தரமாக ஏற்கப்படவில்லை என்றாலும் விவரம் பொதுவில் வந்துவிட்டது. அதை வைத்து இஓடியைப் பிரிக்கும் நிரலை யாரோ எழுதி வைத்திருந்தார்கள். அக்கா பையன் ராத்திரி உட்கார்ந்து அதில் போட, எழுத்துரு வெளியே வந்தது. அதைப் பார்த்து எந்த அறையில் எந்த எழுத்து என்று கையால் அட்டவணை போட எனக்கு இரண்டு சாயங்காலம். கொம்புகளை எல்லாம் மெய்க்குப் பின்னால் நகர்த்த அவனுக்கு இன்னொரு சின்ன நிரல்.

ஓர் அறையில் மட்டும் புரியாத ஒரு குறி இருந்தது. பழைய கல்யாணப் பத்திரிகையை எடுத்துப் பார்த்த பிறகுதான் தெரிந்தது, வருஷத்துக்குப் போடுகிற ௵. வாத்தியார் வழக்கம். அந்தக் குறி யூனிகோடில் சேர்ந்தது 2003இல்தான்.

12 பக்கத்தையும் இந்த வாரம் இங்கேயே ஏற்றுகிறேன். குரோமிலும் நெருப்புநரியிலும் பார்த்துவிட்டேன். ஐபோன் வைத்திருக்கிறவங்க யாராவது சஃபாரியில் அந்த ௵ சரியா விழுதான்னு பார்த்துச் சொல்லுங்க.