அன்று கிழக்கு, இன்று மேற்கு

1961இல் பாகிஸ்தானில் தலை எண்ணியபோது கிழக்கில் 5 கோடியே 8 லட்சம் பேர் இருந்தார்கள். மேற்கில் 4 கோடியே 29 லட்சம். நிலத்தில் மேற்கு ஐந்து மடங்குக்கும் மேல் பெரியது; ஆட்களில் கிழக்குதான் பெரியது. நடுவே ஆயிரத்தறுநூறு கிலோமீட்டருக்கு இந்தியா.

இன்று அந்தக் கிழக்கு வங்கதேசம். 2022 கணக்கெடுப்பில், திருத்தங்களுக்குப் பிறகு, அங்கே சுமார் 17 கோடிப் பேர். மேற்கு மட்டுமே பாகிஸ்தானாக மிஞ்சியிருக்கிறது. 2023 கணக்கெடுப்பில் அதன் மக்கள்தொகை 24 கோடியே 15 லட்சம். எண்பது லட்சம் பின்தங்கியிருந்த பகுதி ஏழு கோடி முந்தியிருக்கிறது. ஆப்கானிஸ்தானிலிருந்து அகதிகள் வந்தார்கள், வங்கத்திலிருந்து பலர் வெளிநாடு போனார்கள் என்பதையெல்லாம் சேர்த்தாலும் இந்த இடைவெளிக்குக் கணக்கு வராது. வித்தியாசம் பிறப்பில் இருக்கிறது.

அந்த நாட்டில் தலைக்கணக்கு வெறும் புள்ளிவிவரமாக இருக்கவில்லை. கிழக்கின் பெரும்பான்மையைப் பார்த்து மேற்கின் ஆட்சியாளர்கள் அஞ்சினார்கள். 1955இல் மேற்கின் மாகாணங்களையெல்லாம் ஒரே அலகாகச் சேர்த்து, இரு பகுதிக்கும் நாடாளுமன்றத்தில் சம இடம் என்று வைத்தார்கள். ஒரு வங்காளியின் வாக்குக்கு ஒரு பஞ்சாபியின் வாக்கைவிட மதிப்புக் குறைவு என்பதுதான் அதன் பொருள். 1970இல் ராணுவ ஆட்சியாளர் யாஹ்யா கான் அதைக் கைவிட்டு மக்கள்தொகைப்படி இடம் ஒதுக்கினார்: 313இல் கிழக்குக்கு 169. ஷேக் முஜிபுர் ரஹ்மானின் அவாமி லீக் கிழக்கின் பொது இடங்கள் 162இல் 160ஐ வென்றது. ஆட்சி அவருக்குத் தரப்படவில்லை. 1971 டிசம்பரில் வங்கதேசம் பிறந்தது.

மக்கள்தொகை ஏன் ஒரு நாட்டில் பெருகுகிறது, இன்னொன்றில் ஏன் அடங்குகிறது என்று கேட்டால் நம் ஊர்த் திண்ணையிலும் தொலைக்காட்சி விவாதத்திலும் இரண்டு பதில்கள் தயாராக இருக்கும். ஒன்று மதம், மற்றொன்று வறுமை. இந்த இரு நாடுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இரண்டு பதிலுமே நிற்காது. பெரும்பான்மையினரின் மதம் ஒன்று. இருபத்துநான்கு ஆண்டுகள் கொடியும் ஒன்று. வறுமை என்றால், பிரிந்த நாளில் வங்கதேசம்தான் அதிக ஏழை. 1970இல் போலா புயல் லட்சக்கணக்கானோரைக் கொண்டுபோயிற்று; அடுத்த ஆண்டு போர், ஒரு கோடி அகதிகள்; 1974இல் பஞ்சம். 1970களின் நடுவில் இரு நாட்டிலும் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக ஆறுக்கு மேல் குழந்தைகள். 2022இல் வங்கதேசத்தில் அது 2.3. பாகிஸ்தானில் 2017-18 ஆய்வின்படி 3.6.

குடும்பக் கட்டுப்பாட்டைத் தொடங்கி வைத்தவரும் இரு பகுதிக்கும் ஒருவர்தான். அப்போதைய அதிபர் அயூப் கான் 1965இல் ஊர் மருத்துவச்சிகளை வைத்து, கருத்தடை வளையம் பொருத்தும் பெரிய திட்டம் ஒன்றைக் கொண்டுவந்தார். இலக்கு வைத்தார்கள்; இலக்கை எட்டியதாகத் தாளில் காட்டினார்கள். அயூப் கானின் பெயரோடு ஒட்டியிருந்ததால் அவர் விழுந்தபோது அதன் மதிப்பும் சேர்ந்து விழுந்தது.

பாதை பிரிந்தது அதற்குப் பிறகுதான். 1976இல் வங்கதேசத்தில் ஜியாவுர் ரஹ்மானின் அரசு மக்கள்தொகைதான் நாட்டின் முதல் பிரச்சினை என்று அறிவித்தது. அறிவிப்புகள் எல்லா நாட்டிலும் வருகின்றன. அதைச் செயலாக்கும் வழி டாக்காவில் கிடைக்கவில்லை. மேக்னா ஆற்றங்கரையில் மத்லப் என்ற ஒரு வட்டாரத்தில் கிடைத்தது.

மத்லப் தண்ணீரால் சூழப்பட்ட ஊர்க்கூட்டம். காலரா ஆராய்ச்சிக்காக 1960களிலேயே அங்கே மருத்துவர்கள் வந்துவிட்டார்கள். ஒவ்வொரு வீட்டின் பிறப்பும் இறப்பும் 1966 முதல் பதிவாகிக்கொண்டிருந்தன. 1975இல் அங்கே வீடு வீடாகக் கருத்தடை மாத்திரைகளைக் கொடுத்துப் பார்த்தார்கள். கொஞ்ச நாள் வாங்கினார்கள், பிறகு விட்டுவிட்டார்கள். தலை சுற்றுகிறது, குமட்டுகிறது என்றால் கேட்க ஆளில்லை. மாத்திரையைக் கொடுத்தவர்கள் பெரும்பாலும் படிக்காத, வயதான, கணவனை இழந்த பெண்கள்; இளம் மருமகளின் பயத்துக்கு அவர்களிடம் பதில் இல்லை.

1977இல் வேறு மாதிரி செய்தார்கள். எண்பது பெண்களை வேலைக்கு எடுத்தார்கள். அந்தந்த ஊரிலேயே வாழ்க்கைப்பட்டவர்கள், பள்ளியில் படித்தவர்கள், குழந்தை பெற்றவர்கள், தாங்களே கருத்தடை செய்துகொண்டிருப்பவர்கள். பதினைந்து நாளுக்கு ஒருமுறை ஒவ்வொரு வீட்டுக்கும் போனார்கள். பையில் மாத்திரை மட்டும் இல்லை, ஊசியும் இருந்தது. காப்பர்-டி வேண்டுமானால் எங்கே போகலாம் என்ற விவரமும் இருந்தது. ஒன்று ஒத்துக்கொள்ளாவிட்டால் இன்னொன்று. பக்க விளைவு வந்தால் அடுத்த முறை அதே பெண் வந்து உட்கார்ந்து கேட்பாள். ஒன்றரை ஆண்டுக்குள் அந்தக் கிராமங்களில் கருத்தடை செய்வோர் பத்தில் ஒருவருக்கும் குறைவு என்ற நிலையிலிருந்து மூன்றில் ஒருவராக உயர்ந்தார்கள். பக்கத்திலேயே, இந்தச் சேவை இல்லாமல் ஒப்பிட்டுப் பார்க்க விடப்பட்ட கிராமங்களில் அந்த மாற்றம் இல்லை. அதே ஆறு, அதே மசூதி, அதே வறுமை.

பர்தா முறையால் பெண் வீட்டைவிட்டு வெளியே வரமாட்டாள், அதனால் எதுவும் நடக்காது என்று பலர் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவள் வரமாட்டாள் என்றால் நாம் போவோம் என்று முடிவெடுத்தது எவ்வளவு எளிய காரியம்! எளிய காரியங்கள்தான் அரசுகளுக்குக் கடைசியில் தோன்றுகின்றன. 1990களில் வங்கதேசம் முழுக்க இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் அரசுச் சம்பளத்தில் இப்படி வீடு வீடாகப் போய்க்கொண்டிருந்தார்கள்.

வாசலுக்கு வந்த பெண் இன்னொன்றையும் சொல்லிக்கொடுத்தாள், அதை நான் கருத்தடைக்குச் சமமாக வைப்பேன். 1970இல் அங்கே பிறந்த ஆயிரம் குழந்தைகளில் இருநூறுக்கு மேல் ஐந்து வயதைக் காணவில்லை. வயிற்றுப்போக்கு முக்கியமான எமன். ஃபஸ்லே ஹசன் அபேத் 1972இல் தொடங்கிய பிராக் அமைப்பு, 1980 முதல் பத்தாண்டுகள் ஊர் ஊராகப் பெண் பணியாளர்களை அனுப்பியது. மூன்று விரலால் எடுத்த ஒரு சிட்டிகை உப்பு, ஒரு கைப்பிடி வெல்லம், அரை சேர் தண்ணீர். வயிற்றுப்போக்கு கண்ட குழந்தைக்குக் கொடுக்க இதைத் தாயே கலக்கக் கற்றுக்கொடுத்தார்கள். பிறகு வேறொரு குழு போய் அந்தத் தாய்மாரில் சிலரைக் கேட்கும். அவர்களுக்கு எவ்வளவு நினைவிருக்கிறதோ அதைப் பொறுத்துத்தான் கற்றுக்கொடுத்தவருக்குச் சம்பளம். ஒரு கோடியே இருபது லட்சம் வீடுகள். பெற்ற பிள்ளை தங்கும் என்ற நம்பிக்கை வராத தாயிடம் ‘இரண்டு போதும்’ என்று சொல்வதற்கு யாருக்கும் உரிமை இல்லை. ஐந்து பெற்றால் மூன்றேனும் மிஞ்சும் என்பது அறியாமையல்ல, அவள் பார்த்த கணக்கு. 2022 ஆய்வின்படி வங்கதேசத்தில் ஐந்து வயதுக்குள் இறப்பது ஆயிரத்துக்கு 31. பாகிஸ்தானில் 2017-18இல் 74.

பள்ளிக்கூடமும் வேலையும் பின்னால் வந்து சேர்ந்தன. 1994இல் கிராமத்து உயர்நிலைப் பள்ளி மாணவிகள் எல்லோருக்கும் உதவித்தொகை வந்தது; வகுப்புக்கு ஒழுங்காக வர வேண்டும், தேர்வில் மதிப்பெண் வேண்டும், திருமணம் ஆகியிருக்கக் கூடாது. ஆயத்த ஆடைத் தொழில் 1970களின் இறுதியில் தென்கொரியாவின் டேவூவோடு கைகோத்த தேஷ் கார்மென்ட்ஸிலிருந்து கிளம்பி, பிறகு லட்சக்கணக்கான பெண்களை டாக்காவுக்கும் சிட்டகாங்குக்கும் கூட்டி வந்தது. மாதச் சம்பளம் வாங்கும் மகள் வீட்டில் பாரமல்ல.

இங்கே ஒரு வழக்கமான நம்பிக்கை சறுக்குகிறது. பெண்ணுக்குத் தாமதமாகத் திருமணம் நடந்தால் பிறப்பு குறையும் என்போம். வங்கதேசத்தில் இன்றும் ஏறத்தாழப் பாதிப் பெண்களுக்குப் பதினெட்டுக்கு முன்பே கல்யாணம் ஆகிவிடுகிறது. பாகிஸ்தானில் அது ஐந்தில் ஒரு பங்கைவிடக் குறைவு. அதாவது வங்காளப் பெண் சீக்கிரம் தொடங்கி, சீக்கிரம் முடித்துக்கொள்கிறாள். இருபதுகளின் நடுவில் இரண்டு பிள்ளைகளோடு போதும் என்று நிறுத்த அவளுக்கு வழி இருக்கிறது. பாகிஸ்தான் பெண் பின்னால் தொடங்கினாலும் நிறுத்த முடிவதில்லை. இளவயதுத் திருமணம் நல்லதென்று நான் சொல்லவில்லை. அது அந்தச் சிறுமிகளுக்குச் செய்யப்படும் கொடுமை, வங்கதேசத்தின் வெற்றிக் கதையில் ஆறாத புண். பிறப்பைக் குறைத்த காரணம் அதுவல்ல, கையெட்டும் தூரத்தில் இருந்த கருத்தடை என்பதுதான் நான் சொல்ல வருவது.

வேறு கறைகளும் உண்டு. அறுவை செய்துகொண்டவர்களுக்குப் பணமும் சேலையோ லுங்கியோ கொடுத்தார்கள். பசித்தவனுக்கு அது பரிசு இல்லை, நெருக்கடி. 90களின் இறுதியில் வீட்டுக்குப் போவதைக் குறைத்து, ஆஸ்பத்திரிக்கு வாருங்கள் என்றார்கள். 2011 ஆய்வில் ஒரு பெண்ணுக்கு 2.3 குழந்தைகளாக இருந்த எண் 2022 ஆய்விலும் 2.3தான். இதற்கிடையிலும் மொத்த மக்கள்தொகை ஏறிக்கொண்டேதான் போயிற்று, ஏனென்றால் முந்தைய தலைமுறையில் பிறந்த ஏராளமான பெண்கள் இப்போது தாயாகும் வயதில் இருக்கிறார்கள்; ஆளுக்கு இரண்டே பெற்றாலும் தொட்டில்கள் அதிகம்.

மேற்கில் என்ன நடந்தது? பிரதமர் பூட்டோ ஒரு திட்டம் போட்டார். 1977இல் ஜியா உல் ஹக் ஆட்சியைப் பிடித்துக் களப்பணியை நிறுத்தினார், விளம்பரத்தை முடக்கினார். மத்லபில் அந்த எண்பது பெண்கள் படியேறத் தொடங்கிய அதே ஆண்டு அது. 1994 கெய்ரோ மக்கள்தொகை மாநாட்டுக்கு அப்போதைய பிரதமர் பெனசீர் பூட்டோ, எதிர்ப்பை மீறி, நேரில் போய்ப் பேசினார். பெண் சுகாதாரப் பணியாளர் திட்டமும் அந்த ஆண்டே தொடங்கியது. நல்ல திட்டம்தான். பதினேழு ஆண்டு தாமதம். அந்தப் பதினேழு ஆண்டில் பிறந்த பெண் குழந்தைகள் பிறகு தாங்களே தாயானார்கள்.

2010இல் ஒரு விசித்திரம் சேர்ந்தது. நடுவண் அரசு வரிப் பணத்தை மாகாணங்களுக்குப் பிரிக்கும் ஏழாவது நிதி ஆணையத் தீர்ப்பில் 82 சதவீதம் மக்கள்தொகையைப் பார்த்தே கொடுக்கப்படுகிறது. அதே காலத்தில் குடும்பநலப் பொறுப்பும் மாகாணங்களின் கைக்குப் போனது. எண்ணிக்கை குறைந்தால் பங்கு குறையும் என்றிருக்கையில் எந்த மாகாணம் முனைப்பு காட்டும்? நமக்கு இது புரியாத வேதனை அல்ல. 1971 கணக்கெடுப்பில் நிறுத்தி வைத்த மக்களவைத் தொகுதிப் பங்கீட்டைத் திரும்பத் திறந்தால், சொன்னபடி குடும்பத்தைச் சுருக்கிய தமிழ்நாடு இழப்பைச் சுமக்குமோ என்று நாம் கேட்கிறோம். தலைக்கு இத்தனை என்று அதிகாரத்தையும் பணத்தையும் அளக்கும் வரை, பெண்ணின் கருப்பை மீது அரசியலின் கண் இருந்துகொண்டுதான் இருக்கும்.

பாகிஸ்தான் பெண்களுக்கு நிறையப் பிள்ளை வேண்டும் என்பது உண்மையானால் இதில் பேச ஒன்றுமில்லை. ஆனால் 2017-18 ஆய்வு அவர்களையே கேட்டது. அவர்கள் விரும்பியபடி நடந்திருந்தால் சராசரி 2.9ஆக இருந்திருக்கும். நடந்தது 3.6. திருமணமான பெண்களில் ஆறில் ஒருவர், இப்போது வேண்டாம் அல்லது இனி வேண்டாம் என்று நினைத்தும் எந்தக் கருத்தடையும் இல்லாமல் இருந்தார். மதம் தடுக்கிறது என்று சொல்பவர்கள் இந்த எண்களுக்குப் பதில் சொல்ல வேண்டும். இந்தப் பெண்களும் தொழுகிறவர்கள்தான்.

இன்று அங்கே பெண் சுகாதாரப் பணியாளர்கள் சுமார் ஒரு லட்சம் பேர். ஒருவருக்கு ஏறத்தாழ ஆயிரம் பேர் என்பது திட்டத்தின் கணக்கு. அப்படியென்றால் பத்துக் கோடிப் பேருக்குத்தான் ஆள் இருக்கிறது. அவர்களும் ஆண்டில் பல வாரங்கள் போலியோ சொட்டு மருந்துக்கு இழுக்கப்படுகிறார்கள், அந்த வேலையில் சிலர் சுட்டுக் கொல்லப்பட்டிருக்கிறார்கள். சம்பளம் மாதக்கணக்கில் நின்றபோது சாலையில் உட்கார்ந்து போராடியிருக்கிறார்கள். இவர்களின் எண்ணிக்கையை இரட்டிப்பாக்குவதும், சம்பளத்தை முதல் தேதியில் கொடுப்பதும், பையில் மாத்திரையும் ஊசியும் தீராமல் பார்த்துக்கொள்வதும் வரவுசெலவுத் திட்டத்தில் எழுதக்கூடிய காரியங்கள். மதகுருமார்களின் சம்மதத்துக்கும் பொருளாதார வளர்ச்சிக்கும் அதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. மத்லப் இரண்டுக்கும் காத்திருக்கவில்லை.