தோம்பில் ஏறாத வளவுகள்

ஒல்லாந்தர் காலத்தில் யாருடைய காணி, எங்கே எல்லை என்று பதிந்து வைத்த ஏட்டுக்குத் தோம்பு என்று பெயர். யாழ்ப்பாண ஓவியர் தா. சனாதனன் 2011-இல் வெளியிட்ட கலைநூலும் ஒரு தோம்புதான். ஆனால் முடிவுபெறாத தோம்பு. போரில் இடம்பெயர்ந்த 80 பேர், விட்டுவந்த வீட்டின் தரைப்படத்தை ஞாபகத்திலிருந்து வரைந்து கொடுத்தார்கள். அதைக் கட்டடக்கலை வரைபடமாகவும் ஓவியமாகவும் மாற்றிச் சேர்த்திருக்கிறார் சனாதனன்.

திருகோணமலை மாவட்டத்தில் மூதூருக்குப் பக்கத்தில் இருக்கும் சம்பூர்க்காரருக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

2006 ஏப்ரலில் குண்டுவீச்சுக்குப் பயந்து வெளிக்கிட்ட சனம் மட்டக்களப்பு வரை அலைந்து, பிறகு கிளிவெட்டி, பட்டித்திடல், கட்டைபறிச்சான் முகாம்களில் ஒதுங்கியது. ஊர் உயர் பாதுகாப்பு வலயமானது. பின்னர் அனல்மின் நிலையத்துக்கும் கைத்தொழிலுக்கும் குறித்த இடமானது. 2015-இல் 818 ஏக்கர் திரும்பக் கிடைத்தபோது பல வளவுகளில் வீடும் இல்லை, வேலியும் இல்லை. கிணற்றையும் மரத்தையும் வைத்துத்தான் எல்லை தேடினார்கள்.

கொந்தளிப்புக் காலத்துக் கலை என்றால் முழக்கம் என்று நினைப்போம். ஈழத்தில் திரும்பத் திரும்ப வந்தது மண். 1985-இல் யாழ்ப்பாணத்தில் மேடையேறிய குழந்தை ம. சண்முகலிங்கத்தின் நாடகத்துக்குப் பெயரே 'மண் சுமந்த மேனியர்'. 'தோணி' சிறுகதையை எழுதிய மூதூர் வ. அ. இராசரத்தினமும் தன் கரையோரத்து மணலையும் மனிதரையும் விட்டு அதிக தூரம் போகவில்லை. அவருக்கு முந்நூறு ஆண்டு முன்பு, மூதூரை ஒட்டிய இதே கொட்டியாரக் குடாவில் 1660-இல் கண்டி அரசனின் ஆட்களிடம் பிடிபட்ட ஆங்கிலேய மாலுமி ரொபர்ட் நொக்ஸ், பத்தொன்பது ஆண்டுக்குப் பின் தப்பிப்போய் 1681-இல் அச்சிட்ட நூலிலும் அரசனின் கெடுபிடிக்குப் பக்கத்திலேயே வயல் உழும் முறையும் வீடு கட்டும் விதமும் இருக்கின்றன.

ஆவணமாகிவிட்டால் கலை வற்றிப்போகும் என்பாரும் உண்டு. இருக்கட்டும்.

கவலை வேறு. முகாமில் பிறந்த பிள்ளையிடம் தாளைக் கொடுத்து வீட்டை வரையச் சொன்னால், தகரக் கொட்டிலைத்தானே வரையும்? வளவின் கிணறு எந்தப் பக்கம், படலை எந்தப் பக்கம் என்பது அதற்குத் தெரியாது. இப்போது சம்பூரில் சூரிய மின் நிலையம் வருகிறது. 2025 ஏப்ரலில் அதற்கான தொடக்க நிகழ்வும் நடந்தது. நாற்பது வயதில் ஊரை விட்டு ஓடியவர்கள் அறுபதைத் தொட்டுவிட்டார்கள். பத்திரகாளி அம்மன் கோயிலடியில் இருந்து, யாருடைய வளவு எங்கே கிடந்தது என்று மணலில் விரலால் கீறிக் காட்ட அவர்கள்தான் மிச்சம்.