ரன்வே போடும் முன் கம்ப்யூட்டரைக் கேளுங்கள்!

மும்பை விமான நிலையத்தின் இரண்டு ரன்வேக்களும் ஒன்றையொன்று வெட்டுவதால், ஒரு நேரத்தில் ஒன்றுதான் பயன்படும். இப்படிப்பட்ட இடத்தில் நெரிசல் குறைய எதில் பணம் போடலாம்? விமானப் போக்குவரத்தை முதலில் கம்ப்யூட்டரில் நடத்திப் பார்க்கிறார்கள். இதுதான் சிமுலேஷன்.

ஒரு விமானத்துக்கு ரன்வே 2 நிமிடம் தேவை என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 15 விமானங்கள் வந்தால் சராசரிக் காத்திருப்பு 1 நிமிடம். 27 வந்தால்? 9 நிமிடம்! கடிகாரம் போல் சீராக வந்தால் காத்திருப்பே இருக்காது, அப்படி வருவதில்லையே! ரன்வேயை விட்டு வேகமாக வெளியேறப் பாதை போட்டு, 2 நிமிடத்தை 100 நொடியாகக் குறைத்தால் அந்த 9 நிமிடம் இரண்டரை ஆகிவிடும். புது ரன்வே இல்லாமலே!

எக்ஸெல்லில் ரேண்ட் ஃபார்முலா மூலம் நீங்களும் இதைச் செய்யலாம். எஃப்9 விசையை அழுத்தினால் ஒவ்வொரு முறையும் எண்கள் மாறும். அதனால் பலமுறை ஓட்டிச் சராசரி எடுங்கள்.