எவரும் விலை கேட்காத ஆட்டக்காரர்: அமெரிக்கக் கால்பந்தில் ‘சுதந்திர’ ஒப்பந்தத்தின் சட்டம்

2023 மார்ச் மாதத்தில் அமெரிக்கக் கால்பந்துச் சந்தையில் ஒரு விந்தை நிகழ்ந்தது. பால்டிமோர் ரேவன்ஸ் அணியின் லமார் ஜாக்சனுக்கு அப்போது வயது 26. 2019ஆம் ஆண்டின் மிகச் சிறந்த வீரராக, வாக்களித்த 50 பேரும் ஒருமனதாக அவரைத் தேர்ந்தெடுத்திருந்தனர். அவருடைய ஒப்பந்தம் முடிந்திருந்தது. பிற அணிகள் அவரிடம் பேசுவதற்கு விதிகளும் இடமளித்தன. ஆனால் எஞ்சிய 31 அணிகளுள் ஒன்றுகூட அவருக்கு ஒப்பந்த முன்மொழிவை அளிக்கவில்லை. வாசல் திறந்த சில மணி நேரத்திலேயே, தங்களுக்கு அவர்மீது நாட்டமில்லை என்று சில அணிகள் ஊடகங்கள் வழியாகத் தெரியப்படுத்திவிட்டன.

தன் உழைப்பை விற்க உரிமை பெற்ற ஒருவரை வாங்குவதற்கு ஏன் எவரும் முன்வரவில்லை? இந்த வினாவுக்கு விடை காண, அந்த விளையாட்டின் ஒப்பந்த விதிகளை நாம் சற்றுப் பொறுமையாகப் படிக்க வேண்டும்.

இங்கே பேசப்படுவது நாமறிந்த கால்பந்து அன்று. முட்டை வடிவப் பந்தைக் கையிலேந்தி ஆடும் அமெரிக்க ஆட்டம். அதில் ‘குவாட்டர்பேக்’ என்பவர் தாக்குதலை வழிநடத்துபவர்; ஒவ்வோர் ஆட்ட நகர்வும் அவர் கைகளிலிருந்தே தொடங்குகிறது. அணியில் மிக அதிக ஊதியம் பெறுபவரும் பெரும்பாலும் அவரே. தேசியக் கால்பந்து லீக் எனப்படும் என்எஃப்எல் அமைப்பில் 32 அணிகள் உள்ளன. அவற்றின் முதலாளிகளுக்கும் வீரர்களின் சங்கத்துக்கும் இடையிலான கூட்டு பேர ஒப்பந்தமே அனைத்தையும் தீர்மானிக்கிறது. 2020இல் கையெழுத்தான இன்றைய ஒப்பந்தம் 2030 பருவம் முடியும்வரை நீடிக்கும்.

கல்லூரி ஆட்டத்தை முடித்த இளைஞருக்குத் தன் முதலாளியைத் தேர்ந்தெடுக்கும் உரிமை இல்லை. ‘டிராஃப்ட்’ என்னும் தெரிவு நிகழ்வில் எந்த அணி அவரது பெயரைச் சொல்கிறதோ, அந்த அணியுடன் மட்டுமே அவர் பேச முடியும். ஒப்பந்தக் காலம் நான்கு ஆண்டுகள். தொகை, அவர் தெரிவான வரிசை எண்ணை ஒட்டி ஏறத்தாழ முன்கூட்டியே நிர்ணயிக்கப்பட்டிருக்கும். மூன்றாம் பருவம் முடியும்வரை, எவ்வளவு சிறப்பாக ஆடினாலும், ஊதியத்தை மறுபேச்சுக்கு எடுக்க இயலாது. முதல் சுற்றில் தெரிவானவர் என்றால் ஐந்தாம் ஆண்டையும் தன் விருப்பப்படி நீட்டிக்கும் அதிகாரம் அணிக்கு உண்டு. வீரரின் சம்மதம் அங்கே கேட்கப்படுவதில்லை.

ஜாக்சன் 2018இல் முதல் சுற்றின் கடைசி ஆளாக, 32ஆம் இடத்தில் தெரிவானார். நான்கு ஆண்டுகளுக்கும் சேர்த்து அவரது ஒப்பந்தம் சுமார் 95 லட்சம் டாலர். நாட்டின் சிறந்த வீரர் என்ற விருதை அவர் பெற்றது இந்த ஊதியத்தில் இருந்தபோதுதான். ஐந்தாம் ஆண்டான 2022இல்தான் அது ஒரே ஆண்டுக்கு 2.3 கோடி டாலரானது.

அதன்பின் வருவதே ‘ஃப்ரீ ஏஜென்சி’ எனப்படும் கட்டற்ற நிலை. ஒரு பருவத்தில் ஆறு ஆட்டங்களுக்கேனும் முழு ஊதிய நிலையில் இருந்தால் அது ஒரு பணிப் பருவமாகக் கணக்கிடப்படும். மூன்று பருவங்களுக்குக் குறைந்தவர், பழைய அணி குறைந்தபட்ச ஊதியத்தை முன்வைத்தாலே அதனுடன் கட்டுண்டவர். மூன்று முடித்தவர் வெளியே பேசலாம்; ஆனால் பழைய அணி அதே தொகையைக் கொடுத்து அவரைத் தக்கவைக்கலாம். நான்கு முடித்து, ஒப்பந்தமும் காலாவதியானவரே முழுச் சுதந்திரம் பெற்றவர்.

இந்த முழுச் சுதந்திரத்துக்கும் ஒரு பூட்டு உண்டு. அதன் பெயர் ‘ஃபிரான்சைஸ் டேக்’. ஒவ்வோர் அணியும் ஆண்டுக்கு ஒரு வீரர்மீது இம்முத்திரையைக் குத்தலாம். அவரது ஆட்டநிலையில் உயர் ஊதியம் பெறுபவர்களை அடிப்படையாகக் கொண்டு ஓராண்டு ஊதியம் கணக்கிடப்படும். முந்தைய ஊதியத்தின் 120 விழுக்காடு அதைவிட அதிகமானால் அதுவே தொகை. மூன்றாம் முறை குத்தினால் 144 விழுக்காடு. பணம் பெரிது, அதை மறுக்கவில்லை. ஆனால் மோதலே தொழிலாக உள்ள ஆட்டத்தில் ஓராண்டுப் பாதுகாப்பு என்பது என்ன? டல்லஸ் அணியின் டாக் பிரெஸ்காட் 2020இல் 3.14 கோடி டாலர் முத்திரையின்கீழ் ஆடிக்கொண்டிருந்தபோது, அக்டோபரில் அவரது கணுக்கால் முறிந்தது. அடுத்த மார்ச்சில் அந்த அணியே நான்காண்டுகளுக்கு 16 கோடி டாலர் கொடுத்தது என்பது அவரது நல்வாய்ப்பு. அந்த ஒப்பந்தத்தில் இனி தன்மீது முத்திரை குத்தக் கூடாது என்ற நிபந்தனையையும் அவர் எழுதி வாங்கினார். கர்க் கசின்ஸ் வேறு வழியில் சென்றார். 2016, 2017 என இரு முறை முத்திரையை ஏற்று ஆடி, மூன்றாவதைக் குத்த அணிக்குக் கட்டுப்படியாகாத நிலையை உருவாக்கினார். 2018இல் மினசோட்டாவிடம் 8.4 கோடி டாலரை முழு உத்தரவாதத்துடன் பெற்றார்.

உத்தரவாதம் என்ற சொல்லை நாம் அடிக்கோடிட வேண்டும். இவ்விளையாட்டில் ஐந்தாண்டு ஒப்பந்தம் என்று செய்தி வந்தாலும், உத்தரவாதமற்ற ஆண்டுகளில் அணி வீரரை நீக்கிவிட்டால் அந்தப் பணம் வராது. ஆகவே மொத்தத் தொகை தலைப்புச் செய்திக்கு. உத்தரவாதத் தொகையே வீட்டுக்கு.

2022 மார்ச்சில் கிளீவ்லாந்து பிரவுன்ஸ் அணி டெஷான் வாட்சனுக்கு ஐந்தாண்டுகளுக்கு 23 கோடி டாலரை முழுமையாக உத்தரவாதமளித்தது. பாலியல் அத்துமீறல் குற்றச்சாட்டுகளுடன் பல உரிமையியல் வழக்குகளை எதிர்கொண்டிருந்தவருக்கு இது வழங்கப்பட்டது என்பது தனியே எழுதப்பட வேண்டிய அவலம். முதலாளிகளை உறுத்தியதோ அந்த முன்னுதாரணம். அத்தகைய முழு உத்தரவாதம் பிற பேச்சுவார்த்தைகளைக் கடினமாக்கும் என்று ரேவன்ஸ் முதலாளி ஸ்டீவ் பிஷியோட்டி வெளிப்படையாகவே குறைப்பட்டார்.

இப்பின்னணியில்தான் 2023 மார்ச் 7 அன்று ஜாக்சன்மீது 3.24 கோடி டாலர் முத்திரை குத்தப்பட்டது. ரேவன்ஸ் தேர்ந்தது ‘தனியுரிமையற்ற’ வகை. அவர் வெளியே பேசலாம், ஊதியமும் தனியுரிமை வகையைவிடக் குறைவு. வேறோர் அணி முன்மொழிந்தால் ஐந்து நாட்களுக்குள் அதே தொகைக்கு ரேவன்ஸ் அவரைத் தக்கவைக்கலாம். விட்டுவிட்டால் இரண்டு முதல் சுற்றுத் தெரிவுகள் இழப்பீடாகக் கிடைக்கும். ஐபிஎல் ஏலத்தின் ‘ரைட் டு மேட்ச்’ அட்டையை அறிந்தவர்களுக்கு முதற்பாதி விளங்கும். கழுத்தை நெரிப்பது இரண்டாம் பாதி.

முகவர் எவரும் இல்லாமல், தாயாரின் துணையுடன் தானே பேசிய ஜாக்சன், மார்ச் 2ஆம் தேதியே வேறு அணிக்கு மாற்றக் கேட்டுவிட்டதாக மார்ச் 27 அன்று அறிவித்தார். முந்தைய இரு பருவங்களின் இறுதியிலும் அவர் காயமுற்றிருந்தார் என்பது உண்மை. இழப்பீடு கனமானது என்பதும் உண்மை. ஓர் அணி இக்காரணங்களால் ஒதுங்கியிருக்கலாம். அனைத்து அணிகளும் ஒதுங்கியதை நாம் அவ்வளவு எளிதில் விழுங்க இயலவில்லை.

கூட்டு பேர ஒப்பந்தத்தின் 17ஆம் பிரிவு, அணிகள் தமக்குள் பேசிவைத்து ஊதியத்தைக் கட்டுப்படுத்துவதைத் தடைசெய்கிறது. ஆனால் அதே பிரிவு, ஒரு வீரருக்கு எவரும் முன்மொழியவில்லை என்பது மட்டுமே கூட்டுச் சதிக்குச் சான்றாகாது என்றும் கூறுகிறது. வழக்காடும் நாம் இத்தகைய வாசகங்களை எழுத்தெண்ணிப் படிப்பதற்குக் காரணம் உண்டு. உரிமையைத் தரும் பிரிவுக்குள்ளேயே அதை மெய்ப்பிக்கும் வழியும் அடைக்கப்பட்டுவிடுகிறது. மௌனமே குற்றமாக இருக்கும் இடத்தில், மௌனம் சான்றாகாது என்றால் வேறெதைக் கொண்டுவருவது?

வாட்சன் ஒப்பந்தத்துக்குப் பின் உத்தரவாதங்களைக் குறைக்க முதலாளிகள் கூடிச் செயல்பட்டனர் என்று வீரர் சங்கம் 2022 அக்டோபரிலேயே முறையீடு செய்திருந்தது. ஜாக்சன், கைலர் மர்ரி, ரஸ்ஸல் வில்சன் ஆகிய மூவரின் பேச்சுவார்த்தைகளும் அதில் ஆராயப்பட்டன. 2025 ஜனவரியில் நடுவர் தீர்ப்பளித்தார்: உத்தரவாதங்களைக் குறைக்குமாறு 2022 மார்ச் கூட்டத்தில் லீக் நிர்வாகம் அணிகளை ஊக்குவித்தது மெய், ஆனால் அணிகள் அதன்படி கூடிச் செயல்பட்டதற்குப் போதிய சான்று இல்லை. அதைவிட அதிர்ச்சி தந்தது, அத்தீர்ப்பை லீக்கும் சங்கமும் சேர்ந்தே இரகசியமாக வைத்திருந்தமை. ஜூன் மாதத்தில் ஒரு பத்திரிகையாளர் வெளியிட்ட பிறகே, யாருக்காக முறையீடு செய்யப்பட்டதோ அந்த வீரர்களும் முழுவதையும் படிக்க முடிந்தது. சங்கம் மேல்முறையீடு செய்ததும் அதன் பிறகுதான்.

இத்தனைக் கட்டுப்பாடுகளும் ஏகபோக எதிர்ப்புச் சட்டத்துக்கு முரணானவை அல்லவா என்று சட்ட மாணவர்கள் கேட்கலாம். சங்கத்தின் ஒப்புதல் இல்லாவிடில் அவை முரணானவையே. 1976இல் ஜான் மேக்கி வழக்கில், வீரரை இழந்த அணிக்கு இழப்பீட்டை லீக் ஆணையரே நிர்ணயித்த ‘ரோசெல் விதி’யை மேல்முறையீட்டு நீதிமன்றம் வீழ்த்தியது. மறு ஆண்டே சங்கம் கையெழுத்திட்ட புதிய ஒப்பந்தத்தில் இழப்பீடு வேறு உருவில் திரும்பி வந்தது! கூட்டுப் பேரத்தில் விளைந்த கட்டுப்பாடுகளுக்கு அச்சட்டத்திலிருந்து விலக்கு உண்டு என்பதால், 1989இல் வீரர்கள் தம் சங்கத்தின் பேரம் பேசும் தகுதியைத் தாமே கைவிட்டனர். கவசத்தைக் கழற்றிய பிறகே வாளை எடுக்க முடிந்தது. 1992இல் மினியாபொலிஸ் நடுவர் குழு, அணிக்கு 37 வீரர்களைப் பூட்டிவைத்த ‘பிளான் பி’ முறை சட்டவிரோதம் என்றது. 1993இல் ரெஜி ஒயிட் பெயரிலான வழக்கின் சமரசத்தில்தான் இன்றைய கட்டற்ற நிலை பிறந்தது. அதற்கு விலையாக, அடுத்த ஆண்டே மொத்த ஊதியத்துக்கு உச்சவரம்பு வந்தது.

இன்னொன்றையும் சொல்லாமல் கடக்க இயலாது. 2018இல் ஜாக்சனைக் குவாட்டர்பேக்காக அன்றி, பந்தை வாங்கி ஓடும் வீரராக மாற்ற வேண்டும் என்று முன்னாள் நிர்வாகி ஒருவர் பேசினார். கறுப்பின ஆட்டக்காரர்களுக்கு இது பழைய பாட்டு. 1968இல் டென்வருக்காகக் குவாட்டர்பேக்காக ஆடிய மார்லின் பிரிஸ்கோ அடுத்த ஆண்டே வேறு நிலைக்கு மாற வேண்டியதாயிற்று. 1978இல் எவரும் தெரிவு செய்யாத வாரன் மூன் கனடாவுக்குப் போய் ஆடித் தன்னை மெய்ப்பித்தார். 2023இன் மௌனத்துக்கு நிறமே காரணம் என்று நாம் தீர்ப்பெழுதவில்லை. அதற்குரிய சான்று நம்மிடம் இல்லை.

ஜாக்சன் 2023 ஏப்ரல் 27 அன்று ரேவன்ஸுடனேயே ஐந்தாண்டுகளுக்கு 26 கோடி டாலருக்கு உடன்பட்டார். பத்து நாட்களுக்கு முன் ஜேலன் ஹர்ட்ஸ் பெற்ற 25.5 கோடியை அது தாண்டியது. உத்தரவாதம் 18.5 கோடி. அந்தப் பருவத்தின் மிகச் சிறந்த வீரரும் அவரே. 31 அணிகளும் வேண்டாமென்று விட்டது அந்த ஆட்டக்காரரைத்தான்.