குடிநோயாளியின் பாரம் எவருடையது?

குடிநோயில் வீழ்ந்தவரை நண்பரும் வேலை கொடுத்தவரும் எவ்வாறு நடத்துவது? கலாத்தியர் 6:2 பிறருடைய பாரத்தைச் சுமக்கச் சொல்கிறது. 6:5 அவனவன் தன் பாரத்தைச் சுமப்பதைப் பேசுகிறது. இது முரண்பாடன்று. கிரேக்க மூலத்தில் முன்னது ‘பாரொஸ்’, அதாவது ஒருவனை நசுக்கும் சுமை. பின்னது ‘ஃபொர்தியொன்’, அவனவனுக்குரிய மூட்டை.

ஆங்கிலக் காற்பந்து வீரர் டோனி ஆடம்ஸ் 1990இல் குடித்துக் கார் ஓட்டியதற்காகச் சிறை சென்றார். மீண்டவரை ஆர்சனல் கழகம் மறுபடியும் களமிறக்கியது. வெற்றிகளும் வந்தன, குடியும் தொடர்ந்தது. 1996இல் தாம் குடிநோயாளி என்று அவரே சக வீரர்களிடம் அறிக்கையிட்டார். அதன்பின் வந்த பயிற்சியாளர் ஆர்சன் வெங்கர் அவரைத் தலைமைப் பொறுப்பினின்று நீக்கவில்லை. 1998இல் அவர் தலைமையில் அணி இரு பெரும் கோப்பைகளை வென்றது.

நம் நாட்டில், கிரிக்கெட் வீரர் வினோத் காம்ப்ளிக்கு உதவ 1983 உலகக் கோப்பை வீரர்கள் 2024இல் முன்வந்தனர். அவரே முதலில் மறுவாழ்வு மையத்தில் சேரவேண்டும் என்றனர். இது கடின இருதயமன்று; செலவாகிய ‘பாரொஸை’ ஏற்று, தீர்மானமாகிய ‘ஃபொர்தியொனை’ அவரிடமே விட்டனர்.

விருத்தாசலத்துப் பீங்கான் தொழிற்கூடங்களிலும் இதே சோதனை உண்டு. குடிப்பவருக்காகக் ‘காய்ச்சல்’ என்று பொய்யுரைப்பதும், கேட்டபோதெல்லாம் முன்பணம் கொடுப்பதும், சிகிச்சைக்கு வாய்ப்பளியாமல் வேலையை விட்டு நீக்குவதும் அன்பாகா. ஆயர்களாகிய நாமும் எச்சரிக்கையாயிருப்போம். நெடுநாள் மிகுதியாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் வலிப்பும் உயிராபத்தும் நேரலாம். ஆகவே பீடத்தண்டை பொருத்தனை பண்ணுவித்து அனுப்பிவிடாமல், மருத்துவமனை வாசல்வரை உடன் நடப்போமாக.