பொண்ணு வீட்டுக்கு இந்தப் படத்தை அனுப்பலாமா?

(ஒலிபரப்பான எபிசோடின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம்)

இந்த எபிசோட் ஒரு வாட்ஸ்அப் மெசேஜ்ல ஆரம்பிச்சது. அனுப்பினவன் என்கூட பெரம்பலூர்ல ஸ்கூல் படிச்சவன். அவனைக் கேட்டுட்டுதான் பேசுறேன், பேர் மட்டும் சொல்ல மாட்டேன். மெசேஜ் இதுதான்: "மச்சி, அரியலூர் பக்கம் ஒரு பொண்ணு பாத்திருக்காங்க. வீட்ல என் விஷயத்தைச் சொல்லக்கூடாதுங்கறாங்க. நான் சொல்லணும்னு நெனைக்கிறேன். அந்த ஜான் டாக்குமென்டரியை அனுப்பி வைக்கலாமா?"

அவன் விஷயம் டூரெட் சின்ட்ரோம். ஸ்கூல்ல எங்களுக்கு அந்தப் பேரெல்லாம் தெரியாது. கண்ணை விட்டு விட்டுச் சிமிட்டுவான், கழுத்தை ஒரு பக்கமா வெட்டுவான், தொண்டையிலிருந்து 'க்ஹ்ம்'னு ஒரு சத்தம் வரும். கண் சிமிட்டுறதால நாங்க வச்ச பேர் 'இண்டிகேட்டர்'. அந்தப் பேரை வச்சது நான்தான். இதைச் சொல்லிட்டே மேல போறேன், இல்லன்னா நான் ஏதோ நல்லவன் மாதிரி பேசிட்டிருப்பேன்.

அவன் சொன்ன படம் 'ஜான்ஸ் நாட் மேட்'. பிபிசியில 'க்யூஇடி'னு ஒரு அறிவியல் தொடர் இருந்தது, அதுல 1989ல வந்தது. ஸ்காட்லாந்தில் கேலஷீல்ஸ்னு ஒரு சின்ன ஊர், அங்க ஜான் டேவிட்சன்னு ஒரு டீன்ஏஜ் பையன். உடம்பு வெட்டும், எச்சில் துப்புவான், நடுவுல நடுவுல கெட்ட வார்த்தை கத்துவான். எதுவுமே அவன் இஷ்டத்துக்கு நடக்கிறது இல்ல.

நான் உடனே 'தாராளமா அனுப்பு'னு பதில் போட்டேன். அப்புறம் யோசனை வந்தது. கோட் எழுதினா டெஸ்ட் பண்ணாம புரொடக்‌ஷனுக்கு அனுப்புவோமா? அந்த வாரம் ஊருக்குப் போயிருந்தேன், அரியலூர்லேர்ந்து மாமா குடும்பமும் வந்திருந்தாங்க. பெரம்பலூர், அரியலூர் ரெண்டு சைடும் ஒரே ஹால்ல! (2001ல பிரிச்சு, அடுத்த வருஷமே சேர்த்து, 2007ல மறுபடி பிரிச்ச மாவட்டங்கள். சொந்தக்காரங்களைப் பிரிக்க எந்த அரசாணையாலும் முடியல.) டிவில போட்டேன். சப்டைட்டில் நான்தான். கெட்ட வார்த்தை எல்லாத்துக்கும் 'திட்டுறான்'னு ஒரே மொழிபெயர்ப்பு.

காலேஜ் படிக்கிற சித்தப்பா பொண்ணு முதல் பத்து நிமிஷம் அடக்க முடியாம சிரிச்சா, அப்புறம் எழுந்து உள்ள போயிட்டா. மாமா, "சின்ன வயசுலயே ரெண்டு அறை விட்டிருந்தா நின்னிருக்கும்"னார். அத்தை, "சிறுவாச்சூர் மதுரகாளி கிட்ட ஒரு திங்கக்கிழமை கூட்டிட்டுப் போயிருந்தா சரியாயிருக்கும்"னாங்க. எங்க அம்மா ஜானைப் பாக்கவே இல்ல. அவங்க பார்த்தது ஜானோட அம்மாவை. "அந்தப் பொம்பள எப்படித் தாங்குச்சு"னு கண்ணைத் துடைச்சுக்கிட்டாங்க.

அப்பா கடைசியில கேட்டார்: "அப்ப இந்த நோய் வந்தா எல்லாரும் இப்படித்தான் திட்டுவாங்களா?"

இந்தக் கேள்விதான் அந்தப் படத்தோட முப்பத்தஞ்சு வருஷப் பிரச்சனை. பிரிட்டன்லயும் இதேதான் நடந்தது. பல பேருக்கு 'நமக்கு இருக்கிறது இதுதானா'னு முதல்முறையா ஒரு பேர் கிடைச்சது. அதே சமயம் ஸ்கூல் மைதானங்கள்ல பசங்க ஜான் மாதிரி கத்திக் காட்டி விளையாடினாங்க. டூரெட்னா கெட்ட வார்த்தை வியாதினு ஜனங்க மனசுல பதிஞ்சும் போச்சு.

கணக்கு என்னன்னா, தன்னையறியாம கெட்ட வார்த்தை வர்றதுக்குக் கோப்ரோலாலியானு பேர். டூரெட் இருக்கறவங்கள்ல சுமார் 10லேர்ந்து 15 சதவீதம் பேருக்குத்தான் அது வரும். என் நண்பனுக்கு ஒருநாளும் வந்ததில்ல. டாக்டர்கள் பாக்கிற அளவுகோல் வேற. தன்னிச்சையான உடல் அசைவு, அதாவது டிக், ஒண்ணுக்கு மேல இருக்கணும். சத்த டிக் ஒண்ணாவது இருக்கணும். 18 வயசுக்கு முன்னாடி ஆரம்பிச்சு ஒரு வருஷத்துக்கு மேல நீடிச்சிருக்கணும். கண் சிமிட்டல், கழுத்து வெட்டு, 'க்ஹ்ம்'. எங்க இண்டிகேட்டர் அப்படியே பொருந்துறான். பிரெஞ்சு டாக்டர் ஜில் த லா டூரெட் ஒன்பது நோயாளிகளை வச்சு இதை எழுதினது 1885ல. நாங்க அவனைக் கிண்டல் பண்ணும்போது அந்தப் பேருக்கு நூறு வயசு தாண்டியாச்சு.

உள்ள என்ன நடக்குது? மூளையோட ஆழத்துல பேசல் கேங்க்லியானு ஒரு பகுதி. அபார்ட்மென்ட் வாட்ச்மேன் மாதிரி. எந்த அசைவை வெளிய விடலாம், எதை நிறுத்தணும்னு பாக்கிறதுல அதுக்குப் பெரிய பங்கு. டூரெட்ல அந்த வடிகட்டல் சரியா வேலை செய்யறதில்ல, கேட்காத அசைவும் வெளிய வந்துடுது. டோபமைனுக்கும் இதுல தொடர்பு உண்டு, பரம்பரைக்கும் உண்டு. வளர்ப்புக்கு இல்ல. மாமா, கேக்குறீங்களா?

ஆனா 'சுத்தமா கன்ட்ரோலே இல்ல'ங்கறதும் முழு உண்மை இல்ல. இங்கதான் எல்லாரும் குழம்புறாங்க. டிக் வர்றதுக்கு முன்னாடி பல பேருக்கு ஒரு நமைச்சல், ஒரு இறுக்கம் தெரியும். தும்மல் வர்ற மாதிரி. கொஞ்ச நேரம் அடக்கலாம், ஆனா வந்துதான் தீரும். கவனம் முழுசா ஒரு வேலையில இருந்தா சில பேருக்குத் தானாவே குறையும். நரம்பியல் டாக்டர் ஆலிவர் சாக்ஸ் 1995ல வந்த தன் புத்தகத்துல கனடாவைச் சேர்ந்த ஒரு சர்ஜனைப் பத்தி எழுதியிருக்கார். வெளிய உடம்பெல்லாம் வெட்டும், ஆபரேஷன் பண்ணும்போது கை நிதானமா இருக்கும்.

இது தெரியாததால என் நண்பன் வாங்கின அடி கொஞ்சநஞ்சமில்ல. ஒரு வாத்தியார், "பரீட்சை எழுதும்போது சத்தம் வரல, என் கிளாஸ்ல மட்டும் வருதா? நடிப்பு"னு பெஞ்சு மேல ஏத்தி நிக்க வச்சார். அடக்கி அடக்கி சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் மொத்தமா வெடிக்கும்னு அவன் என்கிட்ட சொன்னது போன மாசம்தான். பதினஞ்சு வருஷமா நான் கேட்டதே இல்ல.

சிகிச்சை உண்டா? முழுசா எடுத்துப் போடுற மருந்து இல்ல. குறைக்க மருந்துகள் இருக்கு. பேச்சுப் பயிற்சி மாதிரி, நமைச்சலைக் கவனிச்சு அதுக்குப் பதிலா வேற ஒரு சின்ன அசைவைப் பழக்குற முறையும் இருக்கு. 2010ல வந்த ஒரு அமெரிக்க ஆய்வுல 126 பிள்ளைங்க. இந்தப் பயிற்சி எடுத்தவங்கள்ல 52.5 சதவீதம் பேருக்கு நல்ல முன்னேற்றம், வெறும் ஆலோசனை மட்டும் கிடைச்சவங்கள்ல 18.5 சதவீதம். பொதுவா பத்து பன்னெண்டு வயசுல உச்சத்துக்குப் போய், பெரியவங்களாகும்போது நிறைய பேருக்குத் தணியும். அவனுக்கும் தணிஞ்சிருக்கு. தூக்கம் கெட்டாலோ டென்ஷன் ஆனாலோ திரும்பி வரும். பொண்ணு பாக்கிற அன்னிக்கு டென்ஷன் ஆகாம யார் இருப்பா?

இன்னொரு படமும் யோசிச்சோம். 2018ல வந்த 'ஹிச்கி'. ராணி முகர்ஜி டூரெட் இருக்கிற டீச்சர். மூலக்கதை பிராட் கோஹன்ங்கற அமெரிக்க ஆசிரியரோட சொந்த வாழ்க்கை. அவன், "அது ரொம்ப நல்லா இருக்குடா, அதான் பயம். நான் சாதனையாளர் இல்ல, எக்செல் ஷீட் பாக்கிறவன்"னான். ஜான் கதையும் 1989லயே நின்னுடலனு நான் சொன்னேன். பிபிசி அவரைத் தேடி 2002லயும் 2009லயும் திரும்பப் போச்சு. அவர் தன் ஊர் சமூக மையத்துல வேலை பார்த்தார், டூரெட் பத்தி ஊர் ஊராப் பேசினார், 2019ல எம்பிஇ விருது வாங்கினார், 2025ல அவர் வாழ்க்கை 'ஐ ஸ்வேர்'னு சினிமாவே ஆச்சு. "எல்லாம் சரி மச்சி, ஆனா அவங்க வீட்ல முதல்ல பாக்கப்போறது அந்தப் பதினஞ்சு வயசுப் பையன் கத்துறதைத்தானே?"

எங்க வீட்டு ஹால் ரிசல்ட்டை அவன்கிட்ட சொன்னேன். மாமா சொன்ன அறை உட்பட.

கடைசியில அவன் எந்தப் படத்தையும் அனுப்பல. போனை மேஜையில சாய்ச்சு வச்சு, நாலு நிமிஷம் அடக்காம அப்படியே உட்கார்ந்திருந்தான். கண், கழுத்து, 'க்ஹ்ம்' எல்லாம் பதிவாச்சு. நடுவுல இது என்ன, குழந்தைக்கு வருமானு கேட்டா வரலாம், வராமலும் போகலாம்னு தமிழ்ல சொல்லியிருந்தான். எனக்கு அனுப்பினான். எடிட் பண்ணவானு கேட்டேன், வேண்டாம்னுட்டான். பொண்ணுக்கு நேரா அனுப்பினான், ரெண்டு வீட்டுக்கும் தெரியாம.

ரெண்டு நாள் ப்ளூ டிக் மட்டும்தான். மூணாவது நாள் ராத்திரி பதில் வந்தது: "கழுத்து வலிக்காதா?"

வலிக்கும்னு எழுதினானாம். இப்போ பேசிட்டிருக்காங்க. நானும் அவன்கிட்ட அதைக் கேட்டதில்லங்கறது அப்போதான் உறைச்சது.