உளவளத்துணை

உபதேசித்தல் ஆசிரியர்க்கு எளிது, செவிமடுத்தல் அரிது. இதனை எனக்கு உணர்த்தியவன் என் மாணாக்கன் ஒருவன்.

தந்தையை இழந்த அவன் ஒருநாள் மாலை என்னிடம் வந்து, "ஐயா, இருந்தென்ன பயன்?" என்றான். யான் யாக்கை நிலையாமை பற்றி நெடும்பொழுது பேசினேன். தலைகுனிந்து சென்றவன் பின்னர் வகுப்புக்கு வந்திலன். பத்தாம் நாள் அவன் இல்லஞ் சென்றேன். ஊணும் உறக்கமும் ஒழிந்து மெலிந்திருந்தான். நாணத்தோடு அவனையும் தாயாரையும் அரசினர் வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்கு அழைத்துச் சென்றேன்.

வைத்தியர் மருந்து கொடுத்தார். உளவளத்துணையாளரோ முதல்நாள் பேசியது சிறிது; கேட்டதே பெரிது. மாதங்கள் சில கழிய, அவன் மீண்டும் நன்னூலைக் கையிலெடுத்தான்.

நோயாளி, வைத்தியர், மருந்து, அருகிருந்து பேணுவார் என மருத்துவத்தை நான்காக வகுத்தார் வள்ளுவர். யான் நான்காமவன், வைத்தியனாக முயன்றதே என் பிழை.

தக்க துணையாவார் யாவர்? இரகசியங் காப்பவர், கடிந்துரையாதவர், தம் எல்லை கடந்ததை வைத்தியரிடம் அனுப்புபவர். ஒருவர் பொருந்தாராயின் மற்றொருவரை நாடுதல் தவறன்று. வழி அறியாதார் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்னும் தொலைபேசி இலக்கத்தை அழைக்கலாம். 1974 இல் தோன்றிய சுமித்ரயோவிலும் துயர் கேட்பார் உளர். தற்கொலை முயற்சி 1998 முதல் நம் நாட்டிற் குற்றமன்று; ஆதலின் சட்டத்துக்கு அஞ்சி மறைத்தல் வேண்டா.

ஆலோசனை என்னாது துணை என வழங்குதல் எத்துணைப் பொருத்தம்! இப்பொழுது மாணாக்கர் துயரோடு வரின், கதிரையை நகர்த்தி அமரச் செய்து, யான் வாய்மூடி இருக்கின்றேன்.